பழைய தோட்டக் கற்கிராதி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குதல்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கல் பாவிய மேடைத்தளம் இருக்கும். அதன் விளிம்பில் இடுப்பளவு உயரத்தில் ஓடுவது கற்கிராதி. மாண்டகியூட் மாளிகையில் இருப்பது 1600-ஐ ஒட்டிக் கட்டியது. ஹேர்வுட்டில் இருப்பது 1840-களில் கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் பாரி அமைத்த மேடையைச் சேர்ந்தது. கிளைவ்டனில் இருப்பதோ ரோமிலிருந்து வந்தது. வயதும் கல்லும் இப்படி வேறுபட்டாலும் கெட்டுப்போகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலிருந்து நீர் இறங்குகிறது, உள்ளே இருக்கும் இரும்பு துருவேறுகிறது, பிற்காலத்தில் யாரோ பூசிய சிமென்ட் அந்த நீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அறிகுறி தெரியும் இடம் ஒன்று, பழுது தொடங்கிய இடம் வேறொன்று. எதைக் கண்டாலும் அதற்கு நேர் மேலே இரண்டு கற்கள் சேரும் மூட்டு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இந்தக் குறிப்பில் வரும் பெயர்கள்: கீழே நீளவாக்கில் ஓடுவது அடிவரிசைக் கல். அதன் மேல் நிற்பவை கடைசல் தூண்கள். தூண்களின் தலையில் படுத்திருப்பது மூடுகல். சில மீட்டருக்கு ஒன்றாக வரும் கனத்த சதுரத் தூண் பீடத்தூண், அதன் மேல்தான் சாடியோ சிலையோ நிற்கும். தூணை மேலும் கீழும் பிடித்திருக்கும் குச்சி முளை. அடுத்தடுத்த மூடுகற்களைப் பிணைக்கும் இரு முனையும் மடிந்த இரும்பு, பட்டை.

சோதிக்கத் தேவையானவை அதிகமில்லை. தூக்குக்குண்டு, ரசமட்டம், சின்ன மரச்சுத்தியல், கைவிளக்கு, உலோகம் காட்டும் கருவி, சுண்ணக்கட்டி. கடைசிச் சாமான் ஒரு கணக்கு: 1.2 மீட்டர் நீளம், 35 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனமுள்ள, போர்ட்லாந்து என்னும் சுண்ணாம்புக்கல்லில் வெட்டிய மூடுகல் சுமார் 140 கிலோ. இரண்டு பேர் குனிந்து தூக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சங்கிலிக் கப்பியும் அதைத் தொங்கவிட இரும்புச் சட்டமும் இல்லாமல் மூடுகல்லைத் தொட வேண்டாம்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் அனுமதி. மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் கட்டிய கிராதிக்கும் பெரும்பாலும் அதே பாதுகாப்பு உண்டு. அனுமதியின்றிக் கழற்றுவதும் மாற்றுவதும் குற்றவியல் குற்றம். அதே கல், அதே சாந்து கொண்டு செய்யும் சின்னப் பழுதுக்குத் தனி அனுமதி தேவைப்படாமலும் போகலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உள்ளூராட்சியின் பாதுகாப்பு அலுவலர், கொத்தனார் அல்ல.

தூணின் தலையிலோ அடியிலோ நெடுக்கு விரிசல், பக்கத்தில் துருக்கறை

அதிகம் காண்பதும் அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். உள்ளே இரும்பு முளை இருக்கிறது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்கு இழுவிசையைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. அதனால் முளையைச் சுற்றி இரண்டு மூன்று திசையில் பிளக்கிறது, சில சமயம் கால்வட்டத் துண்டு ஒன்று அப்படியே கழன்று விழுகிறது. அக்காலக் கல்தச்சர்கள் முளைக்குழியில் ஈயத்தை உருக்கி ஊற்றியது இதைத் தடுக்கத்தான். ஈயம் முழுதாக மூடிய இடத்தில் இருநூறு வருட இரும்பும் கெடாமல் கிடக்கும். ஊற்றும்போது குழி விட்ட இடத்திலும், மூட்டு திறந்து நீர் நின்ற இடத்திலும்தான் வெடிப்பு.

விரிசலை மட்டும் ரெசினால் ஒட்டி மூடினால் ஓரிரு குளிர்காலம் தாங்கும். பிறகு ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பிளக்கும், ஏனென்றால் இரும்பு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும்.

1. ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, நான்கு பக்கமும் படம் எடுங்கள். கடைசல் தூண்கள் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். இடம் மாறினால் மூடுகல் சமமாக உட்காராது.

2. பழுதான தூணின் இருபுறமும் அடிவரிசைக்கும் மூடுகல்லுக்கும் இடையே மர முட்டு கொடுங்கள். முனைகளில் மென்மரப் பலகை வைத்து, எதிரெதிர் ஆப்பால் இறுக்குங்கள். ஆப்பை ஓங்கி அடித்தால் பக்கத்துத் தூணின் முளையும் ஆட்டம் காணும். கையால் தள்ளி, பிறகு லேசாகத் தட்டினால் போதும்.

3. மூட்டுச் சாந்தை ரம்ப அலகால் அறுத்தெடுங்கள். சுழலும் அறுப்பு இயந்திரம் வேண்டாம். 4 மி.மீ. மூட்டுக்குள் அந்தச் சக்கரம் ஒருமுறை வழுக்கினால் கல்லின் விளிம்பு போய்விடும், அந்தக் காயம் என்றைக்கும் தெரியும்.

4. முளை தட்டுப்பட்டால் இரும்பறுக்கும் அலகால் மூட்டிலேயே அறுங்கள். அதன்பின் மூடுகல்லைக் கப்பியால் உயர்த்தித் தூணை வெளியே எடுக்கலாம்.

5. கல்லுக்குள் மிச்சமிருக்கும் இரும்பைச் சுற்றிச் சிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு, ஈயத்தோடு சேர்த்துத் தளர்த்தி எடுங்கள். துளையிடும் கருவியைச் சுத்தியல் ஓட்டத்தில் வைக்காதீர்கள். வெறும் சுழற்சி மட்டும்.

6. உடைந்த துண்டு இருந்தால் அதை 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகளால் பிணைத்து ஒட்டுங்கள். ரெசினைப் பரப்பு முழுக்கத் தடவ வேண்டாம். நடுவில் சில பொட்டுகள் போதும். வெளிவிளிம்பில் 15 மி.மீ. விட்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினால் கல்லுக்குள் ஈரம் நடமாட வழி இருக்கும்.

7. புதிய முளை 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 12 மி.மீ. விட்டம், 100 மி.மீ. நீளம். குழி 16 மி.மீ. விட்டம், இருபக்கமும் 55 மி.மீ. ஆழம். குழியை ஊதித் தூசி எடுத்து, நனைத்து, தளர்வான சுண்ணாம்புக் கரைசலால் நிரப்பி முளையை இறக்குங்கள். குழிக்குள் வெற்றிடம் விட்டால் நீர் தங்கும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பெருகும் என்பதால், இரும்பு செய்த வேலையை அடுத்த முறை பனி செய்யும்.

மூடுகல்லைத் தூக்காமல் மேலிருந்தே துளை போட்டு முளையை இறக்கிவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். வேலை பாதி நாளில் முடியும் என்பது உண்மை. ஆனால் மழை நேராக விழும் முகத்தில் தூணுக்கு ஒன்றாக ஓட்டை போட்டு அடைத்துவைப்பது, நீருக்கு வாசல் வைத்துக் கொடுப்பதுதான்.

ஒரு எச்சரிக்கை. பழுப்பாகத் தெரிவதெல்லாம் துரு அல்ல. மாண்டகியூட்டின் ஹாம் குன்றுக் கல்லுக்கு அந்தத் தேன்நிறத்தைக் கொடுப்பதே அதில் இயற்கையாக உள்ள இரும்புச்சத்து. உலோகம் காட்டும் கருவி ஒலிக்காமல், விரிசலும் இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூடுகல் ஆடுகிறது, அல்லது தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறது

மரச்சுத்தியலால் வரிசை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக உட்கார்ந்த கல் கணீரென்று ஒலிக்கும். அடியில் சாந்து கழன்றிருந்தால் சத்தம் மொத்தையாக வரும். அடுத்து, இரண்டு மூடுகற்களின் நடுமூட்டில் மெல்லிய கத்தி நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் அதன் கீழுள்ள தூணின் முளைக்குழிக்கு மழைநீர் நேராகப் போகிறது என்று அர்த்தம். மேலே சொன்ன வெடிப்புக்கு இதுதான் தொடக்கம், ஆகவே கிராதியில் முதலில் செலவிட வேண்டிய பணமும் இங்கேதான்.

கல்லைத் தூக்கி, பழைய சாந்தைச் சுரண்டி, இருமுகத்தையும் நனைத்து, மறுபடி படுக்க வையுங்கள். சாந்து: என்.எச்.எல். 3.5 என்று மூட்டையில் அச்சிட்ட இயற்கை நீர்ச்சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய கூர்மணல் இரண்டரைப் பங்கு. மணலின் பெரிய பருக்கை, மூட்டு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 3 மி.மீ. மூட்டுக்கு 1 மி.மீ. சல்லடை. பெரிய பருக்கை கலந்தால் கல் அதன் மேல் ஊஞ்சல்போல நிற்கும், பழைய ஆட்டமே திரும்பும்.

தூக்கியிருக்கும்போதே மூடுகல்லின் அடியைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டி விழ வேண்டும் என்பதற்காகச் செய்தது. பாசியாலும் பழைய சாந்தாலும் அது அடைந்திருந்தால் நீர் அடிப்பக்கமாக ஊர்ந்து தூணின் தலையை நனைக்கும். தூண்கள் எல்லாம் கழுத்தில் மட்டும் பொடிந்துகொண்டிருக்கிறதா? காடியைச் சுத்தம் செய்வதே மருந்து. ஆளுக்கு ஒரு மரக்குச்சி போதும்.

மூட்டுக்கு இருபுறமும் கல் கரைந்து, சாந்து மட்டும் துருத்தி நிற்கிறது

சிமென்ட். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். அதற்கு முந்தைய கிராதியில் சாம்பல் நிறக் கடினச் சாந்து தென்பட்டால் அது பிற்காலப் பழுதுவேலை. கல்லைவிடச் சாந்து கடினமாகவும் நீர் புகாததாகவும் இருந்தால், உள்ளே போன ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். உப்பும் உறைபனியும் அந்த விளிம்பில் வேலை காட்டும். சாந்து கல்லுக்காகத் தேய வேண்டுமே தவிர, கல் சாந்துக்காகத் தேயக் கூடாது.

எடுப்பதில்தான் கவனம். தளர்ந்த சிமென்ட் உளி பட்டதும் வந்துவிடும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதை வலுக்கட்டாயமாகப் பெயர்த்தால் கல்லின் விளிம்பும் கூடவே வரும். அப்படிப்பட்டதை அடுத்த சில வருடங்களுக்கு விட்டுவைப்பதே மேல். தளர்ந்தவுடன் எடுக்கலாம். எடுத்த மூட்டைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம் சுத்தம் செய்து, நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகத் திணியுங்கள். முகத்தில் வழித்துப் பரப்பாதீர்கள். இறுகத் தொடங்கியதும் கடினமான மயிர்த் தூரிகையால் குத்தினால் மேற்பரப்பு திறந்திருக்கும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரச் சணல் சாக்கு போட்டு மூடுங்கள். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலையே வேண்டாம். இங்கிலாந்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் சுண்ணாம்புக்குக் காலம். அக்டோபரில் அவசரமாகப் பூசியது மார்ச்சில் மாவாகக் கொட்டும்.

கல் ஏடு ஏடாக உரிகிறது

படிவுப்பாறைக்கு அடுக்கு உண்டு, கிடந்த புத்தகத்தின் தாள்போல. அடுக்கு கிடைமட்டமாக இருக்கும்படி தூண் நின்றால் பாரத்தைத் தாங்கும். பாறையில் போதுமான உயரத்துக்குக் கல் கிடைக்காதபோது, நீளவாக்கில் வெட்டியதை நிமிர்த்திக் கடைந்திருப்பார்கள். அப்போது அடுக்கு நெட்டுக்குத்தாக நிற்கும், தூணின் வயிற்றிலிருந்து வெங்காயத் தோல்போல உரியும். இதற்கு நிரந்தர மருந்து இல்லை. உரிந்த ஏட்டின் பின்னால் சுண்ணாம்புக் கரைசல் செலுத்தி, விளிம்பைச் சாந்தால் மூடி, நீர் தங்காமல் செய்யலாம். மீண்டும் உரியும். தாங்கும் பகுதியில் பாதிக்கு மேல் போய்விட்டால் புதுத்தூண்.

புதுத்தூண் செய்யச் சொல்லும்போது அதே சுரங்கத்துக் கல், அதே படிவம், அடுக்கு கிடைமட்டம் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள். சுண்ணாம்புக்கல் வரிசையில் மணற்கல்லைச் செருகுவது தனித் தவறு. சுண்ணாம்புக்கல்லின் மேல் வழிந்த நீர் சல்பேட் உப்பைச் சுமந்து வந்து மணற்கல்லை அரிக்கும். அளவெடுக்க, தேய்ந்துபோன தூணை மாதிரியாக வைக்காதீர்கள். மூடுகல்லின் நிழலில் மழை படாமல் இருந்த ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் விளிம்புக்கோட்டை அட்டையில் வரைந்து எடுங்கள்.

மழை படாத இடத்தில் கறுப்புப் பொருக்கு

நிலக்கரிப் புகையின் கந்தகம் சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து ஜிப்சமாகி, கரியைப் பிடித்துக்கொண்டது. 1956-இல் தூயகாற்றுச் சட்டம் வந்த பிறகும் பழையது அப்படியே ஒட்டியிருக்கிறது. மழை கழுவும் முகம் வெளுத்தும், மூடுகல்லின் அடி கறுத்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மெல்லிய பொருக்கு அசிங்கம்தான், ஆபத்தில்லை. கொப்புளம் கட்டி, பின்னால் கல் மாவாகியிருந்தால்தான் கை வைக்க வேண்டும். மிக மெல்லிய நீர்த்தூவல், விட்டு விட்டு, பிறகு மென்மயிர்த் தூரிகை. நாள் முழுக்கக் குழாயை விட்டால் உள்ளே உள்ள இரும்பு நனையும், நீங்கள் முதல் அறிகுறிக்குத் திரும்புவீர்கள். அமிலம் எதுவும் கூடாது, அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். எஃகுக் கம்பித் தூரிகையும் கூடாது, ஒடிந்த கம்பித்துணுக்கு கல்லில் தங்கித் துருப்புள்ளி வைக்கும்.

பச்சை, சாம்பல், ஆரஞ்சு நிறத்தில் படலம்

பச்சையாக வழுக்கினால் பாசி. அங்கே ஈரம் தேங்குகிறது என்பதற்கான அடையாளம் அது. மேலே கிளை நீட்டியிருக்கும் மரத்தைக் கழித்துவிட்டாலே பாதி குறையும். வட்ட வட்டமாகச் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படர்ந்திருப்பது கல்பாசி இனம், நம் மசாலாப் பெட்டியில் கிடக்கும் கல்பாசிக்கு உறவு. பெரும்பாலும் கல்லுக்குப் பெரிய தீங்கில்லை. சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும். சிற்பச் செதுக்கலை மறைக்கிறது, மூட்டைத் திறக்கிறது என்றால் மட்டும் அந்த இடத்தில், உயர்வெப்ப நீராவியால், குறைந்த அழுத்தத்தில் எடுக்கலாம். கார் கழுவும் உயரழுத்தக் கருவியைத் தோட்டக்காரரின் கண்ணில் படாமல் ஒளித்துவையுங்கள்.

சுத்தம் செய்வதற்கு முன் உயிரினம் ஏதேனும் குடியிருக்கிறதா என்று பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதி. கிளைவ்டனின் கிராதி 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமின் வில்லா போர்கேசே என்னும் தோட்ட மாளிகைக்காகச் செய்தது. கிளைவ்டனின் அப்போதைய உரிமையாளர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் அதை 1896-இல் வாங்கிக் கொண்டுவந்தார். மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த சின்னஞ்சிறு நத்தை ஒன்று அந்தக் கல்லில் வாழ்வதை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகுதான் கவனித்தார்கள். கல்லோடு பயணம் செய்து வந்திருக்க வேண்டும் என்பதே கணிப்பு. கண்மூடித்தனமாக ரசாயனம் அடித்திருந்தால் அது அன்றே முடிந்திருக்கும்.

வெள்ளைப் பூப்பு, அல்லது மூடுகல்லின் அடியில் தொங்கும் வெள்ளைக் குச்சி

இரண்டும் வேறு. குச்சிபோலத் தொங்குவது சுண்ணாம்பு. மேல்மூட்டு வழியாக இறங்கிய நீர் உள்ளிருந்த சாந்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தட்டி எடுத்துவிட்டு மேல்மூட்டை அடையுங்கள். பஞ்சுபோலப் பூத்து, பின்னால் கல் பொடிந்தால் அது உப்பு. படிக்கட்டை ஒட்டிய தூண்களில் வந்தால், பனிக்காலத்தில் படியில் தூவிய உப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளுங்கள், கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பிறகு காகிதக் கூழை அயனி நீக்கிய நீரில் குழைத்து 15 மி.மீ. கனத்தில் அப்பி, காய்ந்ததும் உரியுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். அடுத்த குளிர்காலத்துக்கு உப்புக்குப் பதில் கூர்மணல் தூவச் சொல்லுங்கள்.

வரிசை முழுதும் சாய்கிறது

கிராதியைப் பழுதுபார்ப்பதில் பயனில்லை, கீழே உள்ள தாங்குசுவர் நகர்கிறது. நீர்வடியும் துளைகள் அடைந்திருக்கும், அல்லது சுவரின் பின்னால் புதிதாகப் பூப்பாத்தி போட்டு நீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மூடுகல்லிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குறியிட்ட இடங்களில் விலகலை அளந்து தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை, ஒரு வருடம். களிமண் நிலம் கோடையில் சுருங்கி மழைக்காலத்தில் பருக்கும், ஆகவே ஒரே ஒரு அளவு எதையும் சொல்லாது. போய்த் திரும்பி வந்தால் பருவ அசைவு. ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, அதுவரை கீழ்ப்பாதையைக் கயிறு கட்டி மூடுங்கள். துளைகளைக் குத்தித் திறப்பது யாரும் செய்யலாம். சுவரின் பின்னால் பள்ளம் தோண்டுவதைப் பொறியாளர் வரும்வரை செய்யக் கூடாது.

சாயாமல், முனையில் உள்ள பீடத்தூண் மட்டும் நீளவாக்கில் வெளியே தள்ளப்பட்டிருந்தால் காரணம் வெயில். சுண்ணாம்புக்கல் 1 மீட்டருக்கு 1 பாகைக்கு 0.005 மி.மீ. நீளும் என்று கொண்டால், 30 மீட்டர் வரிசை 40 பாகை வித்தியாசத்தில் 6 மி.மீ. நீளும். சுண்ணாம்பு மூட்டுகள் அதைப் பங்கிட்டு வாங்கிக்கொள்ளும். எல்லா மூட்டிலும் சிமென்ட் திணித்திருந்தால் மொத்தமும் கடைசித் தூணின் மேல் போகும். பீடத்தூண்களை ஒட்டிய மூட்டுகளிலாவது சிமென்டை எடுத்துச் சுண்ணாம்பு வையுங்கள்.

தூண் கல்லாகவே தெரியவில்லை

வரிசையில் எல்லாத் தூண்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்து, பக்கவாட்டில் மெல்லிய அச்சுக்கோடு தெரிந்தால் அது வார்ப்பு. மிக நுண்ணிய பரப்பும் எங்கோ ஓரிடத்தில் கோட், லேம்பெத் என்ற முத்திரையும் இருந்தால், 1769 முதல் எலினார் கோட் நடத்திய ஆலையின் சுட்ட செயற்கைக்கல். சூளையில் வெந்த தோல் இருக்கும்வரை பனியும் புகையும் அதை ஒன்றும் செய்வதில்லை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் அந்தத் தோல் போய்விடும். பெரிய சாடிகளுக்குள் இரும்புக் கம்பி இருக்கலாம், வெடிப்பும் அங்கிருந்தே வரும். சுண்ணாம்புக்கல்லுக்குச் சொன்ன சாந்துப் பழுது இதற்குப் பொருந்தாது. மட்பாண்டம் பழுதுபார்க்கும் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.

எல்லாம் உறுதி, ஆனால் உயரம் குறைவு

இன்றைய கட்டட விதி புதிய வெளிப்புறத் தடுப்புக்கு 1100 மி.மீ. உயரமும், 100 மி.மீ. பந்து நுழையாத இடைவெளியும் கேட்கிறது. பழைய கிராதி பல இடங்களில் இரண்டிலும் தவறும். மூடுகல்லின் மேல் இன்னொரு கல் ஏற்றுவதோ தூண்களுக்கு அடியில் கட்டை வைப்பதோ வடிவத்தையும் கெடுக்கும், முளைகளின் மேல் பாரத்தையும் ஏற்றும். உள்பக்கம் ஒரு மீட்டர் தள்ளித் தாழ்ந்த புதர்வேலி வைத்தால் யாரும் விளிம்புக்கு வர மாட்டார்கள். அது முடியாத இடத்தில் மெல்லிய இரும்புக் கம்பித் தடுப்பைத் தரையில் ஊன்றி நிறுத்தலாம். கல்லில் மட்டும் துளை போடாதீர்கள்.